தெருவில் இறங்குவதற்கு முன்: தென்னாப்பிரிக்காவில் ஊர்வலம் நடத்த விரும்பும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில், குழாயில் நீர் வராத வாரங்களும், மாதக்கணக்கில் எரியாத தெருவிளக்குகளும், காரணம் சொல்லாமல் ஏறும் நகராட்சிக் கட்டணங்களும் பழகிப்போன துன்பங்களாகிவிட்டன. 2022 ஏப்ரலில் வந்த பெருவெள்ளம் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்த பின்னர், அந்த ஊர் மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்தே வாழ வேண்டியிருந்தது. இத்தகைய நேரங்களில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ச் சங்கக் கூட்டத்திலோ ஒருவர் எழுந்து "ஊர்வலம் போவோம்" என்று சொல்வதும், அடுத்த சனிக்கிழமையே ஒரு கூட்டம் அட்டைகளோடு சாலையில் நிற்பதும், வார்டு கவுன்சிலர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போவதும், அதன் பிறகு எதுவுமே மாறாமல் இருப்பதும் நாம் பலமுறை கண்டவை. மக்களின் கோபத்தில் குறையில்லை. ஆள் பலத்திலும் பெரும்பாலும் குறையில்லை. யாரிடம், எதை, எந்த நாளுக்குள் கேட்கிறோம் என்று முடிவு செய்யாமலேயே தெருவில் இறங்கிவிடுகிறோம் என்பதுதான் குறை. ஒரு போராட்டத்தின் பலன் பெரும்பாலும் ஊர்வலத்துக்கு முந்தைய வாரங்களில் செய்யும் வேலையில்தான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இங்கே முழக்கங்களைப் பற்றிக் குறைவாகவும், அறிவிப்பு, மனு, மார்ஷல்கள் (ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் நம் தொண்டர்கள்) ஆகியவற்றைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

முதலில் கோரிக்கை

நம் முன்னோர் இந்த மண்ணில் நடத்திய போராட்டங்களில் 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஒவ்வொரு அமைப்பாளரும் ஊன்றிப் படிக்க வேண்டும். 1860 முதல் நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்தபின் இங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895-இல் சட்டம் வந்தது. மாதக் கூலி ஒரு பவுண்டைக்கூட எட்டாத குடும்பத்தில், மனைவிக்கும் வயது வந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே அந்த வரி விழுந்தபோது, மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதையோ கப்பலேறித் திரும்புவதையோ தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று; சட்டம் செய்தவர்களின் நோக்கமும் அதுவே. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்களின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்கியபோது பெண்களும் களத்தில் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளரிடம் எடுத்துச் சொன்னார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நவம்பர் 6-ஆம் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காந்தியின் தலைமையில் நட்டால் எல்லையைக் கால்நடையாகக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்தார்கள். கரையோரத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தார். அந்த ஆண்டின் நடுவில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை நீக்கியது; இந்தியத் திருமணங்களையும் ஏற்றுக்கொண்டது.

எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளியும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய கோரிக்கை அது. அதை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில் ஐயமே இல்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நீக்கினால் போதும். நிறைவேறியதா இல்லையா என்பதை மறைக்கவும் முடியாது. அதே வேளையில், வாக்குரிமை, நில உரிமை, வணிக உரிமம், மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் உரிமை ஆகியவற்றை அந்தச் சட்டம் தரவில்லை என்பதையும், அவற்றுக்காக அடுத்த தலைமுறைகள் மீண்டும் சிறை செல்ல நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குறுகிய கோரிக்கை வெல்லும், ஆனால் அது குறுகியதையே வெல்லும். எதை இப்போது கேட்கிறோம், எதைப் பிறகு கேட்கப்போகிறோம் என்பதை அமைப்பின் குழு தனக்குள் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்ததாக, அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். குழாய் நீர் விநியோகம், தெருவிளக்கு, குப்பை அகற்றல் ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்பதும், அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்பதும் மாகாணத் துறைகளுக்கு உரியவை. காவல் நிலையத்தில் வாகனம் இல்லை என்றால் அது தேசியக் காவல் துறையைச் சேர்ந்தது. மின்தடையில் ஒரு பகுதி அரசு மின் நிறுவனமான எஸ்கோமின் உற்பத்திக் குறைவாலும், இன்னொரு பகுதி நகராட்சியின் பழுதான துணைமின் நிலையத்தாலும் வரும். எது எது என்று பிரித்தறியாமல் ஊர்வலம் போனால் இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டிவிடும். வார்டு கவுன்சிலரிடம் மாகாண மருத்துவமனையைப் பற்றி மனுக் கொடுப்பது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் வீண்வேலை.

இதற்கான ஆதாரங்களைத் திரட்டத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டமான அதன்படி, நகராட்சியின் தகவல் அதிகாரிக்குப் படிவம் அனுப்பினால் 30 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். பழுது நீக்கும் ஒப்பந்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்த நாளில் முடிய வேண்டும், எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது என்ற மூன்றும் கையில் இருந்தால், "நடவடிக்கை எடுத்து வருகிறோம்" என்ற வழக்கமான பதிலுக்கு அங்கே இடமிருக்காது.

எந்த வழி எதற்குப் பொருந்தும்

ஊர்வலம் ஒரு வழி மட்டுமே. மனு, மறியல், புறக்கணிப்பு, வேலைநிறுத்தம், நீதிமன்றம் என்று வழிகள் பல; ஒவ்வொன்றும் தரும் பலனும், அதற்கு எடுக்கும் காலமும் வேறு. 1946 ஜூன் 13 அன்று டர்பனில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் கூடும் மூலையில் கூடாரமிட்டு, இந்தியரின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை மீறத் தொடங்கியவர்களில் மருத்துவர் மான்டி நாயக்கர், மருத்துவர் கூனம் போன்றோர் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றும் அந்தச் சட்டம் நீங்கவில்லை. ஆனால் இந்தியா இந்தப் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் மருத்துவர் சுமா, இந்தியக் காங்கிரஸ்களின் மருத்துவர்கள் நாயக்கர், தாது ஆகிய மூன்று தலைவர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கை இந்தியரையும் ஆப்பிரிக்கரையும் ஒரே அணியில் நிறுத்தியது. நிறவெறிச் சட்டங்களை எதிர்த்த 1952-இன் சட்டமீறல் இயக்கத்தில் 8,000-க்கும் மேற்பட்டோர் கைதாகியும் ஒரு சட்டம்கூட விலகவில்லை. மாறாக 1953-இல் இன்னும் கடுமையான சட்டங்கள் வந்தன. ஆயினும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் மக்கள் இயக்கமாக வளர்ந்தது அந்த ஓராண்டில்தான். 1973 ஜனவரியில் டர்பனின் ஒரு செங்கல் தொழிற்சாலையில் தொடங்கிய கூலி வேலைநிறுத்தம் சில வாரங்களில் நகரம் முழுவதும் பரவி, பின்னாளின் சுதந்திரத் தொழிற்சங்கங்களுக்கு வித்திட்டது. 1984-இல், வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவை வைத்துக் கறுப்பினத்தாரை விலக்கிய முப்பிரிவு நாடாளுமன்றத்தின் தேர்தலை இந்திய வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மையினர் வீட்டிலிருந்தே புறக்கணித்தார்கள்.

உடனடிப் பலனுக்கு நம் நினைவில் இருக்கும் அண்மை எடுத்துக்காட்டு 2015 அக்டோபர். பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடம்வரை சென்ற அக்டோபர் 23 அன்றே, அடுத்த ஆண்டுக்குக் கட்டண உயர்வு இல்லை என்று குடியரசுத் தலைவர் ஜுமா அறிவித்தார். ஒரே கேள்வி, அதற்கு விடை தரக்கூடிய ஒரே வாசல், நெருங்கிக்கொண்டிருந்த ஆண்டுத் தேர்வு என்னும் காலநெருக்கடி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன. உங்கள் பிரச்சினையிலும் அதிகாரிகளுக்கு நெருக்கடியான நாள் ஒன்று இருக்கும்: நகராட்சி வரவுசெலவுத் திட்டம் ஜூலை 1-இல் தொடங்கும் நிதியாண்டுக்கு முன்பே இறுதியாகிவிடுகிறது. ஆகையால் ஒதுக்கீடு கேட்கும் ஊர்வலத்தை ஆகஸ்டில் நடத்துவதைவிட, வரைவுத் திட்டத்தின்மீது மக்களின் கருத்தைக் கேட்கும் ஏப்ரல், மே மாதங்களில் நடத்துவது எத்தனையோ மடங்கு பயன் தரும்.

அறிவிப்பு: சட்டம் கேட்பது என்ன

அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடவும், ஆர்ப்பாட்டம் செய்யவும், மறியல் செய்யவும், மனுக்கள் அளிக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமையை நடைமுறைப்படுத்துவது 1993-ஆம் ஆண்டின் 205-ஆம் எண் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். இதில் நம் மக்கள் மனத்தில் ஊறிப்போன ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்க வேண்டும். நிறவெறிக் காலத்தின் பழக்கத்தால், ஊர்வலத்துக்குப் போலீசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றே பெரியவர்கள் பலர் இன்னும் நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது அனுமதி விண்ணப்பத்தை அல்ல. நகராட்சிக்கு எழுத்தில் ஓர் அறிவிப்பு மட்டுமே.

பதினைந்து பேர் வரை நிற்கும் ஆர்ப்பாட்டத்துக்கு அந்த அறிவிப்பும் தேவையில்லை. அதற்கு மேல் ஆள் சேரும் என்றால், அமைப்பு தன் சார்பில் ஓர் அமைப்பாளரையும் ஒரு துணை அமைப்பாளரையும் நியமித்து, ஏழு நாட்களுக்கு முன்பாவது அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அவ்வளவு காலம் இல்லாத அவசர நிலையில், இயன்ற அளவு விரைவாகக் கொடுக்கலாம்; ஆனால் 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் நகராட்சியின் பொறுப்பு அதிகாரி ஊர்வலத்தைத் தடைசெய்ய முடியும். அறிவிப்பில் அமைப்பாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஊர்வலத்தின் நோக்கம், நாள், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, மார்ஷல்களின் எண்ணிக்கையும் அவர்களை அடையாளம் காணும் வழியும், தெருத் தெருவாகச் செல்லும் பாதை, மக்கள் வந்து சேரும் வாகனங்கள், மனுவை எங்கே யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்பவை அனைத்தும் இருக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நூறு பேர் என்று எழுதிவிட்டு எண்ணூறு பேரோடு வந்தால் மார்ஷல்கள் போதாமற்போவதற்கும், பின்னால் பொறுப்பு உங்கள்மீது விழுவதற்கும் அதுவே காரணமாகும். எந்த அலுவலகத்தில் அறிவிப்பைப் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்து, நேரில் கொடுத்து, பிரதியில் தேதியும் நேரமும் கொண்ட முத்திரையை வாங்கிவிடுங்கள். அந்த நேரம் முக்கியம்: அறிவிப்பு சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் உங்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்காவிட்டால், அறிவிப்பில் சொன்னபடியே ஊர்வலம் நடத்த உங்களுக்கு உரிமை உண்டு.

பேச்சுவார்த்தைக்கு அழைத்தால், நகராட்சி அதிகாரி, காவல்துறைப் பிரதிநிதி, அமைப்பாளர் என மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமரும். பாதையை மாற்றவோ நேரத்தை மாற்றவோ அவர்கள் கேட்கலாம். நியாயமானதை ஏற்றுக்கொள்ளுங்கள், ஒப்புக்கொண்ட அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் வரும் என்று பொதுவாகச் சொல்வது தடைக்குப் போதிய காரணம் ஆகாது. கடுமையான போக்குவரத்துச் சீர்குலைவோ, காயமோ, பெருமளவுச் சொத்துச் சேதமோ நேரும் என்றும், காவல்துறையால் அதைக் கட்டுப்படுத்த முடியாது என்றும் சத்தியப்பிரமாணத்தின்மேல் நம்பத்தகுந்த தகவல் இருந்தால்தான் தடைபற்றி யோசிக்க முடியும். தடைக்கான காரணங்களை எழுத்தில் தரவும் வேண்டும். தடை வந்தால் தாமதிக்காமல் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடுங்கள். நீதிமன்றக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் வார நாட்களில் கூடுவதற்குத் தனிக் கட்டுப்பாடு இருப்பதைப் பாதை வகுக்கும்போதே கவனியுங்கள்.

அறிவிப்பே கொடுக்காமல் கூடினால் என்ன ஆகும்? 2013 செப்டம்பர் 11 அன்று, குடிசைப் பகுதிகளின் கழிப்பிட வசதிக்காகக் கேப் டவுன் நகரமன்றக் கட்டடத்தின் கம்பிவேலியில் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்ட ஒரு சிறு குழு பதினைந்து பேரோடு நிற்கவே திட்டமிட்டிருந்தது. மேலும் சிலர் சேர்ந்துகொண்டதால் வழக்குப் பாய்ந்தது. அவ்வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை சென்று, 2018 நவம்பர் 19 அன்று, அறிவிப்புக் கொடுக்காத ஒரே காரணத்துக்காக அமைப்பாளரைக் குற்றவாளியாக்கும் விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. ஏழை எளியவரின் குரலுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு அது. ஆயினும் அறிவிப்புக் கொடுக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

மனுவை எழுதுதல்

இங்கே எல்லோரும் மெமோராண்டம் என்றே சொல்லும் அந்த மனுதான் ஊர்வலத்தின் உயிர்நாடி என்பேன். பத்துப் பக்க மனுவை யாரும் படிப்பதில்லை. இரண்டு பக்கம் போதும். ஆங்கிலத்தில் எழுதி, ஜூலு மொழியிலும் ஒரு பிரதி தயாரியுங்கள். ஊர்வலத்தில் வரும் நம் பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "எங்களுக்குத் தண்ணீர் வேண்டும், ஊழலை ஒழியுங்கள், அலட்சியத்தை நிறுத்துங்கள்" என்று எழுதினால் அதற்கு ஓர் அதிகாரி எந்தப் பதிலும் சொல்லலாம். பின்வருமாறு எழுதிப்பாருங்கள்:

"எங்கள் வார்டின் கீழ்க்கண்ட நான்கு தெருக்களுக்கு மார்ச் 3 முதல் குழாய் நீர் வரவில்லை. இணைப்பில் உள்ள அட்டவணையில், ஒவ்வொரு நாளும் தண்ணீர் லாரி வந்த நேரமும் வராத நாட்களும் பதிவாகியுள்ளன. (1) மேட்டுநில நீர்த்தேக்கத்தின் பம்பு எந்த நாளில் சரிசெய்யப்படும் என்பதை நகராட்சி மேலாளர் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். (2) அதுவரை தினமும் காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் லாரி வர வேண்டும். (3) நீர் வராத காலத்துக்குரிய கட்டணம் கணக்கிலிருந்து நீக்கப்பட வேண்டும். பதினைந்தாம் நாள் மாலை எங்கள் குழு இதே வாசலில் பதிலைப் பெற வரும்."

இதற்கு மறுப்புச் சொன்னாலும் அது தெளிவான மறுப்பாக இருந்தே தீரும். நாளை மனித உரிமை ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ அந்த மறுப்பே உங்கள் சான்று. போதிய நீர் பெறும் உரிமை அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாரி வந்த நேரங்களின் அட்டவணை என்று சொன்னேனே, அதை ஊர்வலத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் ஓர் அக்காவிடம் ஒரு பள்ளி நோட்டைக் கொடுத்து, தேதி, நேரம், லாரியின் எண் மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். பேனா மையில், அன்றன்று, தன் கையெழுத்திலேயே எழுதப்பட்ட அந்த நோட்டுக்கு முன்னால் எந்த அதிகாரியும் "ஒழுங்காக லாரி அனுப்பினோம்" என்று சொல்லத் தயங்குவார்.

ஊர்வல நாள்

மார்ஷல்களே அன்றைய முதுகெலும்பு. முப்பது பேருக்கு ஒருவராவது இருக்கட்டும். ஒரே நிறச் சட்டையோ கைப்பட்டையோ அணியட்டும். இளைஞர்கள் மட்டுமின்றி ஊரில் மதிப்புள்ள நடுவயதுப் பெண்களும் இருந்தால், சூடேறும் இடங்களில் அவர்கள் சொல்லுக்கு யாரும் எதிர்ச்சொல் பேசமாட்டார்கள். முந்தைய நாள் மாலை பாதை முழுவதையும் அவர்கள் நடந்து பார்க்க வேண்டும். எந்த முனையில் கடைகள் திறந்திருக்கும், எங்கே கல் கொட்டிக் கிடக்கிறது, எங்கே ஆம்புலன்ஸ் நுழைய வழி விட வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

இதில் கண்டிப்பாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006 மே மாதம் கேப் டவுனில் ஒரு தொழிற்சங்கம் நடத்திய பாதுகாப்புக் காவலர்களின் ஊர்வலம் கலவரமாகி, வாகனங்களும் கடைகளும் சேதமடைந்தன. இழப்பீடு கேட்டவர்களின் வழக்கில் 2012 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் தொழிற்சங்கத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சேதம் முன்கூட்டியே எதிர்பார்க்க முடியாததாக இருந்தது என்றும், அதைத் தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்றும் அமைப்பாளர் நிரூபித்தால்தான் பொறுப்பிலிருந்து தப்ப முடியும். கோயில் குழுவோ தமிழ்ச் சங்கமோ தன் பெயரில் ஊர்வலம் அழைத்தால், அதன் கட்டடமும் சேமிப்பும் இந்தப் பொறுப்புக்கு உட்பட்டவை என்பதை நிர்வாகக் குழு உணர்ந்து, மார்ஷல்களின் பட்டியல், பயிற்சிக் கூட்டத்தின் குறிப்பு, ஒலிபெருக்கியில் சொன்ன எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆயுதம் என்று கருதக்கூடிய எதுவும் கூடாது; கொடிக்கம்புகூட மெல்லியதாக இருக்கட்டும். முகத்தை மறைக்கும் முகமூடியும், காவல்துறை, இராணுவச் சீருடை போன்ற உடையும் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. கடையடைக்கச் சொல்லி யாரையும் மிரட்டக் கூடாது. இனம், மொழி, சமயம், பண்பாடு ஆகியவற்றின் பேரில் வெறுப்பைத் தூண்டும் முழக்கம் குற்றமாகும். அதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350-க்கும் மேற்பட்டோரும், டர்பனை ஒட்டி, இந்தியர் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேரும் உயிரிழந்தார்கள். ஃபீனிக்ஸில் மாண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. "அவர்களுக்கு மட்டும் தண்ணீர் வருகிறது" என்ற ஒரு வரி முழக்கம் போதும், நம் கோரிக்கை அடியோடு மறைந்து இனப்பகை மட்டும் மிஞ்சிவிடும். பக்கத்துக் குடிசைப் பகுதியின் குழுவையும் தொடக்கத்திலிருந்தே மேசைக்கு அழைத்து, ஒரே மனுவில் இரு பகுதிகளின் பெயரையும் எழுதுவதே சரியான வழி. குழாய் அவர்களுக்கும் வறண்டுதான் கிடக்கிறது.

இங்கே தென் டர்பனின் மெரேபேங்கை நினைவுகூர்கிறேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகளின் புகைக்கு நடுவே வாழ்ந்த அந்தப் பகுதி மக்கள், 1995-இல் குடியரசுத் தலைவர் மண்டேலா ஆலைக்கு வந்த வழியில் அட்டைகளோடு நின்றார்கள். அவர் வாகனத்தை நிறுத்தி இறங்கி வந்து அவர்களோடு பேசினார். இந்தியரும் கறுப்பினத்தாரும் கலப்பினத்தாரும் ஒன்றாக உருவாக்கிய தென் டர்பன் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு அந்தக் காலத்தில் பிறந்து, இன்றும் இயங்குகிறது.

மனுவைக் கையளிக்கும் காட்சியைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து சொல்கிறேன், ஏனெனில் நம் ஊர்வலங்கள் தடுமாறும் இடம் அதுவே. வாசலுக்கு வரும் அதிகாரி கையை நீட்டி மனுவை வாங்கி, சிரித்தபடி படமெடுக்க நின்று, உள்ளே போய்விடுவார். அதற்கு இடம் கொடாதீர்கள். அமைப்பாளர் முதலில் ஒலிபெருக்கியில் மனு முழுவதையும் வாசிக்கட்டும். அதிகாரி நின்று கேட்கட்டும். பிறகு இரண்டு பிரதிகளை மேசைமேல் வைத்து, இரண்டிலும் அவருடைய பெயர், பதவி, நேரம், கையொப்பம் ஆகியவற்றை வாங்குங்கள். மனுவில் குறித்த அதிகாரி வராமல் வேறொருவர் வந்தால், யார் சார்பில் பெற்றுக்கொள்கிறார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட பிரதியைத் தூக்கிக் காட்டி, பதில் வர வேண்டிய தேதியைக் கூட்டத்தாரே உரக்கச் சொன்ன பின்பு கலையுங்கள். கறுப்பினத்தார் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டங்களை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் 20,000 பெண்கள் கூடியபோது, ஊர்வலத்துக்குத் தடை இருந்ததால் இருவர் மூவராக நடந்தே யூனியன் கட்டடத்தை அடைந்தார்கள். பிரதமர் அங்கே இல்லாததால் கையெழுத்துக் கட்டுகளை அவருடைய அலுவலகத்தில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் வாய் திறவாமல் நின்றார்கள். அந்தச் சட்டங்கள் நீங்க அதன்பின் 30 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஒழுங்கை யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

முதியோருக்கு நாற்காலியும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் கட்டாயம். சிறு குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்பது என் கருத்து. வேலை நாளில் ஊர்வலம் வைத்தால், விடுப்பு எடுக்காமல் வருபவர் வேலையில் சிக்கலுக்கு உள்ளாகலாம், சனிக்கிழமையே நலம்.

காவல்துறை கலையச் சொன்னால்

கலையச் சொல்லும் அதிகாரி, குறைந்தது இரண்டு அதிகாரபூர்வ மொழிகளில், உரத்த குரலில், நியாயமான கால அவகாசம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்போது அமைப்பாளர் முன்னே சென்று அந்த அவகாசத்தைக் கேட்டுத் தெரிந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மார்ஷல்கள் வழியாகக் கூட்டத்தைப் பின்வாங்கச் செய்யட்டும். உத்தரவு தவறு என்றால் அதைப் பிறகு நீதிமன்றத்தில் கேட்கலாம், சாலையில் வாதாடாதீர்கள். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் 69 பேரும், 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் 34 சுரங்கத் தொழிலாளரும் சுட்டுக் கொல்லப்பட்ட நாடு இது. துப்பாக்கி ஏந்தியவர்களுக்கும் கூட்டத்துக்கும் இடையே எப்போதும் தூரம் இருக்கட்டும்.

கைதானவர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு, மற்றவற்றுக்கு மௌனம் காக்கலாம். கைதுக்கான காரணத்தை அறியவும், வழக்கறிஞரை அழைக்கவும், 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த 48 மணி நேரம் வார இறுதியில் முடிந்தால், அடுத்த நீதிமன்ற நாள்வரை நீளக்கூடும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை ஊர்வலங்களைத் தவிர்ப்பது நல்லது. வழக்கறிஞரின் எண்ணை ஒவ்வொருவரும் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளட்டும், கைப்பேசி பறிக்கப்படலாம். வசதியில்லாதவர் லீகல் எய்டு சவுத் ஆப்பிரிக்கா அலுவலகத்தை அணுகலாம். பொதுநல வழக்குகளில் பல பத்தாண்டு அனுபவமுள்ள லீகல் ரிசோர்சஸ் சென்டருக்கு டர்பனிலும் கிளை இருக்கிறது. கைதானவரின் வீட்டாருக்கு யார் தகவல் சொல்வது, மருந்து சாப்பிடும் முதியவர் கைதானால் யார் காவல் நிலையத்துக்குப் போவது என்பதை முன்னிரவே பெயர் குறித்து முடிவு செய்யுங்கள்.

பதில் நாளுக்குப் பிறகு

பதினைந்தாம் நாள் கட்டாயம் போக வேண்டும், ஐந்து பேர் போனாலும் போதும். பதில் கிடைத்தால், வாக்குறுதி எந்தத் தேதிக்கு என்று பார்த்து அன்றைய தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். பதில் இல்லை என்றால், அதே நாளில் நகராட்சி மேலாளருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நினைவூட்டல் அனுப்பி, பதில் தராமைக்குக் காரணம் கேளுங்கள். பாதிப்பு தரும் முடிவு எதுவும் எடுக்கப்பட்டிருந்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்க நிர்வாக நீதிச் சட்டம் 90 நாள் அவகாசம் தருகிறது. அதன்பின் மனித உரிமை ஆணையம், பொதுப் பாதுகாவலர் அலுவலகம், நகராட்சி மன்றக் குழு, இறுதியாக உயர்நீதிமன்றம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வாடகை பாக்கிக்காக வீடுகளைக் காலி செய்ய வந்தபோது, பேராசிரியர் ஃபாத்திமா மீர் போன்றோர் துணைநிற்க, மக்கள் வாசலில் நின்றும் வழக்கு நடத்தியும் ஒருசேரப் போராடினார்கள். ஒரு வழி அடைபட்டபோது மற்றதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது ஊர்வலம் வேண்டியிருந்தால், முதல் மனுவின் கையொப்பப் பிரதியையே அதன் முதல் பக்கமாக வையுங்கள். அறிவிப்பின் முத்திரைப் பிரதி, பேச்சுவார்த்தைக் குறிப்பு, தெரு நோட்டுகள், மார்ஷல் பட்டியல், மனு, வந்த பதில்கள், செலவுக் கணக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நிர்வாகக் குழு மாறும்போது அந்தக் கோப்பைக் கையெழுத்திட்டு ஒப்படைத்து, ஒரு பிரதியை வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.